நீச்சல் தெரியாதவர் படகு

படகின் பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: 'நீச்சல் தெரியாதவர்களுக்கு. நனையாமல் பவளம் பார்க்கலாம்.' எழுதியவர் கேப்டன். எழுத்து போகப் போகக் கீழே சரிந்து, கடைசிச் சொல் தண்ணீரில் இறங்கப் பார்க்கும். அந்த விளம்பரத்துக்கு முதல் ஆளாகத் தகுதி உள்ளவர் அவரேதான் என்பது படகுத்துறையில் ஒருவருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிப் படகு ஓட்டுகிற மனுஷனுக்கு நீச்சல் வராது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே ஒரு கை படகைப் பிடித்திருக்கும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அவள் வெளியே விடமாட்டாள். விட்டால் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்த சனம் அப்படியே இறங்கிக் கரைக்கு நடந்துவிடும்.

கேப்டன் என்பது துறைக்காரர்கள் வைத்த பெயர். பாதி மரியாதை, பாதி நக்கல். எது எந்தப் பாதி என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. வருவதை மொத்தமாக வாங்கிக்கொள்வார். அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். தார்ப்பாய்க் கூரையில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி தொங்கும். கையில் மைக்கோடு நின்று, கடலுக்கடியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை.

பேச்சுக்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. எடை போடுவது. படகின் நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் கண்ணாடி. சுற்றிலும் பன்னிரண்டு பேருக்குப் பலகை. கண்ணாடி தண்ணீரில் மட்டமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அடியில் காற்றுக் குமிழி வந்து குடியேறிவிடும். அப்புறம் பவளமாவது மீனாவது, வெறும் நுரைதான். ஆகவே ஆள் படியில் கால் வைக்கும்போதே கண்ணால் நிறுத்து, இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று பிரித்துவிட வேண்டும். தராசு ஆளுக்குத் தெரியக் கூடாது. கனத்த அம்மாளிடம், இங்க வாங்கம்மா, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்பாள். அவர் வீட்டுக்காரரிடம், சார், மீன் உங்க பக்கம்தான் வரும் என்பாள். புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரிப்பதுதான் கஷ்டம். எதிரெதிரே உட்கார்ந்தால் முகம் பார்த்துக்கொண்டே வரலாம் என்று அவர்களுக்கு ஒரு ஆசை காட்டுவாள். இதுநாள்வரை யாரும் முகம் சுளித்ததில்லை. தராசுத் தட்டில் எடுத்து வைத்த படிக்கல்லாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே அத்தனை பேரும் கௌரவமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

கேப்டன் பின்னால், எஞ்சினோடு. அங்கிருந்து பார்த்தால் குனிந்த பன்னிரண்டு தலையும் நடுவே கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரியும். அவர் கரையைப் பார்த்து ஓட்டுகிறவர். தண்ணீர்த் தொட்டியும் ஆஸ்பத்திரியின் சிவப்புக் கூரையும் ஒரே கோட்டில் வந்தால் தோட்டம் ஆரம்பம். ஐஸ் கம்பெனிப் புகைபோக்கி கூரையைத் தாண்டி இடப்பக்கம் போனால் தோட்டம் முடிந்தது. தோட்டம் என்றால் இரண்டு ஆள் ஆழத்தில் விரிந்து கிடந்த பவளப்பாறைத் திட்டு. அதை அவர் பார்த்ததே இல்லை. தொழில் தொடங்கிய வாரத்தில் ஒரு தடவை, ஆளில்லாத படகில், கண்ணாடி வழியாகக் குனிந்திருக்கிறார். கீழே தரை தெரிந்தது. தரை அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் சொன்னதும் உள்ளங்கால் கூசி, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு சரி. "ரெண்டு பேர் இருக்கோம். ஒருத்தர் பாத்தா போதும், ஒருத்தர் ஓட்டணும்ல" என்று ஒரே வரியில் பாகம் பிரித்துவிட்டார்.

பார்க்காத குறையை அவர் காதால் சரிக்கட்டிக்கொண்டார். தோட்டத்துக்கு மேல் படகு வந்ததும், அவள் மைக்கைத் திறப்பதற்கு முன்னாலேயே பன்னிரண்டு தொண்டையிலிருந்து ஓர் 'ஆ' வரும். அது வந்தால் எஞ்சினைத் தணிப்பார். எந்த ஊர்க்காரர் ஆனாலும், எந்தப் பாஷை பேசினாலும், அந்த 'ஆ' ஒன்றுதான். கரையில் அடையாளம் மூன்று என்றால் படகில் இது நாலாவது.

அந்தக் கோடையில் கடல் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி ஆயிற்று. ஆறு வாரம் அப்படியே நின்றது. முதலில் பவளம் வெளுத்தது. மான்கொம்பு, காலிஃபிளவர், மூளை என்று அவள் பெயர் சொல்லி வளர்த்த அத்தனையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றன. சனத்துக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. பனி பெய்த மாதிரி இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்தார்கள். கேட்டு வருகிற சரக்கை இல்லை என்பானேன் என்று அவளும், "வெள்ளைப் பவளம், அபூர்வம், எல்லா வருஷமும் கிடைக்காது" என்று மைக்கில் சொன்னாள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்து, இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்று சொல்வதில் எவ்வளவு பொய்யோ அவ்வளவு.

பிறகு வெள்ளையின் மேல் பழுப்பாக மயிர் முளைத்தது. கொம்புகள் ஒடிந்து விழுந்தன. கிளிமீன்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயின. பாறையிடுக்கில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த கிழட்டுக் களவா மீன் மட்டும் இரண்டு வாரம் காலி செய்யாமல் இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. தோட்டம், கழுவாத பாத்திரங்களைப் போட்டு வைத்த தொட்டி மாதிரி கிடந்தது.

'ஆ' முதலில் தாமதமாக வந்தது. பிறகு, அவள் சொன்ன பிறகு வந்தது. பிறகு சின்னதாக 'ஓ' ஆயிற்று. ஒருநாள் சாயங்காலம் கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருக்கும்போது கேப்டன் கேட்டார்.

"என்ன, சத்தம் கம்மியா இருக்கு?"

"கண்ணாடி மங்கிடுச்சுங்க" என்றாள் அவள்.

அதை ஏன் சொன்னாள் என்று அவளையே கேட்டால் தெரியாது. தோட்டம் போய்விட்டது என்று சொல்வதற்கு ஒரு நல்ல நேரம் வேண்டியிருந்தது. அது வருகிறவரைக்கும் கைக்கு அகப்பட்ட ஒரு சொல்லை முன்னால் நிறுத்தினாள். தற்காலிகமாக நிறுத்திய சொல் சம்பளமில்லாமல் மூன்று மாதம் வேலை பார்த்தது.

ஏனென்றால் கண்ணாடி கேப்டனின் இலாகா. அடுத்த நாளே படகைச் சாய்தளத்தில் இழுத்துப் போட்டு, அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். ஒட்டியிருந்த சிப்பிகளைப் பிளாஸ்டிக் ரூல்தடியால் சுரண்டினார். இரும்பு பட்டால் கீறும். காடியில் நனைத்த பழைய பனியனால் துடைத்தார். பேப்பரைக் கசக்கித் துடைத்தார். பல் விளக்குகிற பேஸ்ட் நல்லது என்று எவனோ சொல்ல, மூன்று டியூப் தீர்ந்தது. நகைக்கடைப் பட்டறையிலிருந்து மெருகு போடும் சிவப்புத் தூள் வாங்கி வந்தார். தூள் மூக்கில் ஏறி இரண்டு நாள் தும்மினார். இதெல்லாம் காலையில் முதல் நடைக்கு முன்னால், தினமும். முழங்கை இரண்டும் கன்றிப்போயிற்று. சாயங்காலம் அவள்தான் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். இவ்வளவு தேய்த்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தைலத்தை மூடி வைப்பாள்.

கடைசியில் ஒருநாள் பழைய கண்ணாடியைக் கழற்றிப்போட்டு, நகரத்திலிருந்து தடிமனான புதுக் கண்ணாடி தருவித்து, ரப்பர் வளையம் புதுசாக வைத்துப் பொருத்தினார். அருமையான கண்ணாடி. இடையில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. செத்த தோட்டம் முன்னைவிடத் தெளிவாகச் செத்துக் கிடந்தது.

இந்த நேரத்தில் துறை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் பாறைப் பக்கம் யாரும் நங்கூரம் போடக் கூடாது. பதினொரு இடத்தில் பதினொரு மிதவை போடுவார்கள். படகுக்கு ஒரு மிதவை. எடுத்த மிதவையில்தான் ஐந்து வருஷத்துக்குக் கட்டலாம். வேறு இடத்தில் சனத்தை வைத்துக்கொண்டு நின்றால் உரிமம் ரத்து. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். உரிமத்தின் வயசுப்படி கூப்பிடுவார்கள், கூப்பிட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளலாம். உரிமங்களில் மூத்தது கேப்டனுடையது. முதல் கை அவருக்கு. அவர் எதை எடுப்பார் என்பதில் துறையில் யாருக்கும் சந்தேகமில்லை. தோட்டம் அவருடையது என்பது தண்ணீர்த் தொட்டி ஊருடையது என்கிற மாதிரி.

திங்கள்கிழமை படகுகளுக்கு ஓய்வு. அன்று மத்தியானம் பவுடர்காரர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார். வெயில் சுடாமலிருக்க முகத்தில் வெள்ளையாகப் பவுடர் அப்பிக்கொண்டு இரண்டு படகு ஓட்டுகிறவர். ஆட்களுக்கு முகமூடி மாட்டித் தண்ணீரில் மிதக்கவிடுகிற வியாபாரமும் உண்டு. பத்து வருஷமாகத் தோட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று, இது என்ன உங்கப்பன் வீட்டுக் கடலா என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தார்.

"அண்ணே, நமக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா தோட்டத்தை விட்டுடாதீங்க. அதுக்கு ஈடு வேற இல்ல. நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

"நான் இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்திருக்கேன்" என்றார் கேப்டன்.

பவுடர்காரர் சிரித்துவிட்டு, கிழக்கு முனை மிதவைதான் பாவம், எவன் தலையில் விழப்போகிறதோ என்றார். அந்த அலையில் யார் போவது, ஏறுகிறவன் எல்லாம் வாந்தி எடுப்பான், அங்கே பவளமும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று எழுந்து, பிஸ்கட்டை எல்லோருக்கும் நீட்டிவிட்டுப் போனார்.

அவள் டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் துணிக்கடை வீட்டில் பிறந்தவள். வந்தவர் எந்தத் துணியைப் பார்த்து, சாயம் நிற்காது, கரை சரியில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறாரோ அதைத்தான் மடித்துக் கட்ட வேண்டும்; வாய் நிறையப் புகழ்கிற துணி அலமாரிக்குத் திரும்பிப் போகும். இதைக் கற்றுக்கொடுக்க அந்த வீட்டில் ஆள் வேண்டியதில்லை, பல் முளைக்கும்போதே சேர்ந்து முளைக்கும். பவுடர்காரர் தோட்டத்தைப் புகழ்ந்தார். கிழக்கு முனையைத் திட்டினார். அப்படியானால் முகமூடி போட்டு இரண்டையும் பார்த்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிழக்கு முனை.

அவளும் கிழக்கு முனையைப் பார்த்திருக்கிறாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எஞ்சின் நின்றுபோய்ப் படகு அங்கே அடித்துக்கொண்டு போனது. கேப்டன் குனிந்து எஞ்சினைக் குடைந்துகொண்டிருந்தார். நாலு பேர் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். பைகளை நீட்டிக்கொண்டே தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தவளுக்கு, தானறியாமல் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அமளியில் அது எங்கே போயிற்றோ. கீழே ஊதாவும் மஞ்சளும் செம்பட்டையுமாக, ஒரு கொம்பு ஒடியாமல், மீன் கூட்டம் கூட்டமாக. அங்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது, வெந்நீர் எட்டவில்லை. அதையும் அவள் சொல்லவில்லை. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டிவரும்.

சாயங்காலம் சொல்லியே தீர்வது என்று சாய்தளத்துக்குப் போனாள். படகுக்கடியிலிருந்து இரண்டு கால் நீட்டியிருந்தது.

"ஒரு விஷயங்க."

"ரூல்தடிய எடு" என்றன கால்கள்.

எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வீட்டில் கேப்டனின் அக்கா, அவளுக்கு அண்ணி, துவைத்த மிதவைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தவர். எந்தக் கறையும் அவருக்குப் புதிதில்லை. அவள் மூன்று மாதக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள். அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நான் ஏறுனா படகு ஒரு பக்கமா சாயும்னு நீயே ஏத்த மாட்ட. அவன்கிட்ட சொல்லு."

"வாய் வரமாட்டேங்குது அண்ணி."

"எப்படி வரும்? வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசுறது உப்பு இருக்கா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதானே. நீ பேசி அவன் காது குடுத்துக் கேக்கறதெல்லாம் அந்தப் பெட்டியில வந்தாத்தான்."

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கடைசி நடை. ஒரே குடும்பம், ஒன்பது பேர். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், அம்மாவின் தங்கை, இரண்டு பெரியவர்கள், அம்மாவின் அண்ணனாகிய ஒரு மாமா. மாமா படியில் கால் வைத்தபோதே படகு அவரைத் தெரிந்துகொண்டது. காற்று நல்லா வரும் என்று அவரை ஒரு பக்கத்தின் நடுவில் தனியாக உட்கார்த்தி, எதிரே நாலு பேரை வைத்து, மற்றவர்களை முனைகளுக்கு அனுப்பினாள். கண்ணாடி மட்டமாக நின்றது. எல்லோரும் கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்தார்கள். படகு கிளம்பியது.

தொட்டியும் கூரையும் ஒரே கோட்டில் வந்தன. சத்தமில்லை. எஞ்சின் தானாகத் தணிந்தது. இப்போதெல்லாம் அவர் கரையை மட்டுமே நம்பினார். அவள் மைக்கை எடுத்து, வலது பக்கம் மான்கொம்பு, நூறு வருஷத்துப் பவளம் என்று ஆரம்பித்தாள். ஒன்பது பேரும் வலது பக்கம் பார்த்தார்கள். மரியாதைக்காரக் குடும்பம். ஏதாவது சொல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்று அந்த அம்மா குனிந்து கொஞ்சநேரம் தேடினார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார்.

"கண்ணாடிய எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. எங்க வீட்டு ஜன்னல்கூட இப்படி இல்ல."

அவள் பின்னால் பார்த்தாள். கேப்டன் ஒரு கையைச் சுக்கானில் வைத்து, கன்றிப்போன முழங்கையை மறு கையால் தடவிக்கொண்டு, கரையைப் பார்த்து நின்றார். எஞ்சின் சத்தத்தில் அந்தப் பாராட்டு அவரிடம் போய்ச் சேரவில்லை. அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கொஞ்சம் கேளுங்க. மான்கொம்புன்னு சொன்னேன். அது போன வருஷத்துப் பேச்சு. இப்ப அங்க கொம்பு ஒடிஞ்சு கெடக்கு. மேல பழுப்பா இருக்கறது பாசி. இந்தப் பக்கம் உருண்டையா இருக்கறது மூளைப் பவளம், அதுலயும் உசுரு இல்ல. தண்ணி சூடாகி இந்தத் தோட்டம் மொத்தமும் செத்துப்போச்சு. மூணு மாசமாச்சு. கண்ணாடி மேல ஒரு குத்தமும் இல்ல. புதுக் கண்ணாடியும் நல்லா இருக்கு. பழைய கண்ணாடியும் நல்லாத்தான் இருந்துச்சு."

பெட்டியிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. ஒன்பது பேரும் இப்போது இன்னும் அதிகமாகக் குனிந்து பார்த்தார்கள். இருப்பதாகச் சொன்னபோது தெரியாதது இல்லை என்று சொன்னதும் தெரிந்தது. மாமா முட்டையை மென்றுகொண்டே, இதை டிக்கெட்டில் போடவில்லையே என்றார். அவர் தங்கை அவரை முறைத்தார்.

எஞ்சின் நின்றது.

"இங்க வா" என்றார் கேப்டன். "இதைப் புடி."

பத்தொன்பது வருஷத்தில் அவள் சுக்கானைத் தொட்டதில்லை. மரத்தில் அவர் கைச்சூடு இருந்தது. தொட்டியையும் கூரையையும் ஒண்ணா வெச்சுக்கோ, விலகினா இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்லிவிட்டு, அவர் பலகைகளைப் பிடித்துப் பிடித்து நடுப்பள்ளத்துக்குப் போனார். அவர் வந்ததும் படகு சாய்ந்தது; கண்ணாடிக்கடியில் குமிழி வந்து உட்கார்ந்தது. அவள் பின்னாலிருந்து, "மாமா, நீங்க ஒரு சாண் இந்தப் பக்கம் வாங்க. தம்பி, நீ எந்திரிச்சு அக்கா கிட்ட போ" என்று மட்டம் செய்தாள். குமிழி நகர்ந்து ஓரமாகப் போயிற்று. கேப்டன் முழங்காலிட்டு, பள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அவளுக்குக் குனிந்த பத்துத் தலையும் நடுவில் கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரிந்தது. இங்கிருந்து இவ்வளவுதான் தெரியுமா என்று இருந்தது. கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறாரா, எழுந்திருக்கப்போகிறாரா, மயங்கி விழப்போகிறாரா என்று ஒன்றும் புரியவில்லை. படகு மெல்ல நகர்ந்தது. கூரை தொட்டியை விட்டு விலகியது; அவள் தள்ளினாள்; திரும்பி வந்தது.

"ஆ" என்றார் கேப்டன்.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்: "இந்த உருண்டையா, மடிப்பு மடிப்பா, இது என்னது?"

அவள் கரையைப் பார்த்தாள். "தொட்டி நேரா கூரை வந்துச்சுன்னா மூளைங்க."

"இந்தப் பக்கம் விசிறி மாதிரி?"

"அது பேரே விசிறிதான்."

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"செத்ததுங்க அது."

ஒரு குச்சி மீன், வழி தவறி வந்தது போல, கண்ணாடியின் குறுக்கே போயிற்று. அதையும் அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு வந்தபடியே பலகைகளைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போய்ச் சுக்கானை வாங்கிக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. அது உயரத்துக்குப் பயந்த வெளிறலா, மூன்று மாதத்து வெளிறலா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவள் எட்ட நின்று, பவுடர்காரரைப் பற்றியும் கிழக்கு முனையைப் பற்றியும் நாலு வரியில் சொன்னாள். அவர் எஞ்சினைக் கிளப்பினார். சொன்னது முழுவதும் போய்ச் சேர்ந்ததா, பாதியை எஞ்சின் தின்றுவிட்டதா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

அன்று அவர் கண்ணாடி துடைக்கவில்லை. ரூல்தடியைக் கழுவி அலமாரியில் வைத்தார். சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அந்தப் புதுக் கண்ணாடி?"

"அது நல்ல கண்ணாடிங்க."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவள் தைலத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவர் முழங்கையைக் கொடுத்தார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதா, வழக்கமாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டே தேய்த்தாள். நல்லாத்தானே இருக்கு என்று அவர் சொன்னதுதான் காதில் நின்றது. இவரைப் பொறுத்தவரை அது பார்த்த முதல் தோட்டம். உயிரோடு இருந்ததைப் பார்க்காதவருக்குச் செத்தது எப்படிக் குறையாகத் தெரியும்? நாளைக்குத் தன் கண்ணால் கண்டதையே எடுத்துவிட்டால், ஐந்து வருஷம் அந்தப் பாத்திரத் தொட்டிக்கு மேல் நின்று ஆளாளுக்குக் கண்ணாடியைக் காட்ட வேண்டியதுதான்.

அலுவலகத்தில் படகுக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே விசிறி சுற்றும்போதெல்லாம் மேசைமேல் விரித்த வரைபடத்தின் மூலைகள் எழும்பின; அதிகாரி ஸ்டேப்ளரையும் தன் டீக் கிளாசையும் பாரம் வைத்திருந்தார். பவுடர்காரர் மூன்றாவது ஆள். காலையிலேயே பவுடர் போட்டிருந்தார். கேப்டன் உள்ளே வந்ததும் இடம்விட்டு நகர்ந்து, "அண்ணே, தோட்டம்தானே? வாழ்த்துக்கள்" என்று கையைக் குலுக்கினார். பக்கத்திலிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

ஒன்றாம் எண் என்று கூப்பிட்டார்கள். கேப்டன் எழுந்து மேசைக்குப் போனார். அவள் இரண்டடி பின்னால் நின்றாள்.

"எது?" என்றார் அதிகாரி. பேனா தோட்டத்துக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"கிழக்கு முனை."

பெஞ்சில் ஒரு சிரிப்பு புறப்பட்டு, பாதியிலேயே நின்றது. பவுடர்காரர் வாயைத் திறந்து மூடினார். அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். ஒருதடவை எழுதினால் ஐந்து வருஷம் மாற்ற முடியாது, அது அலை அடிக்கிற இடம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் கேப்டன்.

"அங்க கீழ என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

"நான் பாக்கல" என்றார். தலையைப் பின்பக்கம் ஆட்டி அவளைக் காட்டினார். "எஞ்சின் நின்ன அன்னிக்கு இவ அங்க 'ஆ'ன்னா. நாலு பேர் வாந்தி எடுத்துக்கிட்டிருந்தாங்க. அதுக்கு நடுவுல கேட்டுச்சு."

அதிகாரிக்கு இது எந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய விவரம் என்று புரியவில்லை. மிதவை எண்ணை எழுதி முத்திரை குத்தினார். அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை மாதம் அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி துடைத்திருக்கிறார்.

தோட்டம் இரண்டாவது ஆளுக்குப் போயிற்று. அவன் பட்ட சந்தோஷத்தைப் பார்த்துக் கேப்டனே அவனை வெளியே கூட்டிப்போய், தம்பி, அது செத்துப்போச்சு, வேணாம், திருப்பிக் கேளு என்று சொல்லிப் பார்த்தார். அவன் சிரித்தான். தோட்டத்தைக் கைவிட்ட வயிற்றெரிச்சலில் கிழவர் உளறுகிறார் என்று துறை முழுக்கச் சொன்னான். பவுடர்காரர் ஒரு வாரம் இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

கிழக்கு முனைக்கு முதல் நடை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு பேர், இரண்டு குடும்பம். படகு ஆடிய ஆட்டத்தில் அவள் எடைக்கணக்கெல்லாம் இரண்டு தடவை கலைந்தது, திரும்பவும் அடுக்கினாள். மிதவைக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் மைக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் பன்னிரண்டு தொண்டையிலிருந்தும் வந்தது. பின்னால் எஞ்சின் தணிந்தது. அப்புறம் ஒருவர் வாந்தி எடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர். அவள் பைகளை எடுத்து நீட்டினாள். பையை வாயருகே வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார்கள். யாரும் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

"என்ன, சத்தம் ஒரு மாதிரி இருக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கண்ணாடி மங்கிடுச்சா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பின்னால நிக்கறவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க. அவருக்கு நீச்சல் தெரியாது."

பன்னிரண்டு பேரும், வாந்தி எடுத்தவர்கள் உட்பட, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.